முதல் ஆளாகப் போகாதவர்

எங்கள் பள்ளிக்கூடத்தில் கொரோனா ஊசி முகாம் நடந்த நாட்களில் அவர் ஒரு நாள் தவறாமல் வந்தார். ஊசி போட்டுக்கொள்ள அல்ல. புங்கமரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, போட்டுக்கொண்டு வெளியே வருகிறவர்களைப் பார்ப்பதற்கு. யாராவது தோளைத் தேய்த்துக்கொண்டு வந்தால், “என்னங்க, கிறுகிறுன்னு வருதுங்களா?” என்று அக்கறையாக விசாரிப்பார். இல்லை என்றால் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். கடைசி முகாமன்று நர்ஸ் மருந்துப் பெட்டியை மூடப்போகும் நேரத்தில் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு எழுந்து வந்தார்.

“ஊரே போட்டுக்கிச்சு, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல. இப்பப் போடுங்க தாயி.”

அவர் பெயரை எழுதவில்லை. அவருடைய மகள் இன்னும் எங்கள் பள்ளியில்தான் படிக்கிறாள். நான் பாப்பிரெட்டிப்பட்டியில் குடியிருந்துகொண்டு, பக்கத்துக் கிராமத்து அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துகிறவன். மிச்ச நேரத்தில் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறேன். இரண்டு தொழிலிலும் விற்பது பழைய சரக்குதான். பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய நிலம். மரவள்ளி போட்டிருப்பார். இரண்டு எருதுகள், ஒரு கறவை மாடு, மனைவி, மகள். முப்பத்தெட்டு வயதிருக்கும். சுபாவத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் பெரிய மீசை. அவரிடம் எதற்கும் முன்னால் நின்ற ஒரே பொருள் அந்த மீசைதான் என்று நான் அப்போதே ஒரு கட்டுரையில் எழுதத் திட்டமிட்டிருந்தேன்.

கல்யாணப் பந்தியில் இரண்டாவது வரிசைக்குத்தான் உட்காருவார். முதல் பந்தி சாப்பிட்டு எழுந்தவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, “சாம்பார்ல உப்பு எப்படிங்க?” என்பார். புது ரக மரவள்ளிக் குச்சி வந்தால் பக்கத்துக் காட்டுக்காரர் நட்டு ஒரு வருஷம் ஆகவேண்டும். போர் போடுவதென்றால் சுற்றி நான்கு பேர் போட்டு, தண்ணீர் வந்த ஆழத்தைக் கேட்டுக்கொண்டு பிறகுதான்.

ஜவ்வரிசி செய்யும் சேகோ மில் வாசலில் கிழங்கு வண்டிகள் வரிசையில் நிற்கும். அவர் பின்னால் வருகிற வண்டிகளுக்கெல்லாம் கைகாட்டி, “நீங்க போங்க, நீங்க போங்க” என்று வழிவிடுவார். மரியாதை என்று நினைத்து வண்டிக்காரர்கள் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அவர் அங்கே நின்று, அன்றைக்கு மில்காரன் கிழங்குக்கு என்ன பாயிண்ட் போடுகிறான் என்று பார்த்துக்கொண்டிருப்பார். மாவுச்சத்தைத்தான் பாயிண்ட் என்கிறார்கள். பிடுங்கிய கிழங்கு வெயிலில் கிடக்கக் கிடக்க அது குறைந்துகொண்டே போகும். மேல்தோல் நன்றாகத்தான் இருக்கும். ஒடித்துப் பார்த்தால் உள்ளே கறுப்புக் கோடு ஓடியிருக்கும். அடுத்தவன் பாயிண்டைப் பார்த்து முடிக்கும்போது இவருடைய கிழங்கு பாதி போயிருக்கும்.

ஒரு ஐப்பசியில் தரைப்பாலத்துக்கு மேலே தண்ணீர் போனது. இந்தப் பக்கம் நானும் என் ஸ்கூட்டரும். பக்கத்தில் அவரும் அவருடைய டிவிஎஸ்ஸும்.

“முழங்காலுக்குத்தான் இருக்குது சார். நீங்க போங்க.”

போனேன். பாதிப் பாலத்தில் பாசியில் சறுக்கி, ஸ்கூட்டரோடு விழுந்தேன். அவரே ஓடி வந்து தூக்கினார், வண்டியை நிமிர்த்தினார், என் பையைப் பிழிந்து கொடுத்தார். பிறகு தன் வண்டியை அழகாக மறுகரைக்குத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

“நீங்க விழுந்த எடத்தை விட்டு ஓரமா வந்துட்டேனுங்க” என்றார். நன்றி சொல்லும் குரல் அது.

இதையெல்லாம் அப்போது எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அதற்கடுத்த ஆண்டு குளிக்கும்போது என் இடது விரையில் ஒரு கட்டி கையில் பட்டது. வலி கிடையாது. புளியங்கொட்டை அளவு, புளியங்கொட்டையைப் போலவே கெட்டி. படித்தவன் அல்லவா, உடனே செல்போனில் தேடிப் படித்தேன். படித்ததும் போனை அணைத்துவிட்டு, அதற்கடுத்த இரண்டு மாதம் முகலாயர்கள், விஜயநகரம் என்று வேறு எல்லாவற்றையும் படித்தேன். கடைசியில் என் மனைவிக்குத் தெரிந்து, அவள் இரண்டு நாள் பேசாமல் இருந்து, மூன்றாம் நாள் என்னைத் தருமபுரி பஸ்ஸில் ஏற்றினாள். டாக்டர் பார்த்தார். ஸ்கேன் எழுதிக்கொடுத்தார்.

ஸ்கேன் சென்டரில் நீள பெஞ்சு. அதில் பெரும்பாலும் கர்ப்பிணிகள், அவர்களுடைய மாமியார்கள். ஒரு மூலையில், சீட்டை நான்காக மடித்து உள்ளங்கையில் மறைத்தபடி அவர். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். நானும் என் சீட்டை மடித்தேன்.

“என்ன சார், இந்தப் பக்கம்?”

“சும்மா. வயிறு.”

“எனக்கும் வயிறுதாங்க.”

இரண்டு வயிறுகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. அங்கே பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை, உறுப்பின் இங்கிலீஷ் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. ஒரு சின்னப்பெண் கதவைத் திறந்துகொண்டு வந்து, கையிலிருந்த தாளைப் பார்த்து, “ஸ்க்ரோட்டம் ரெண்டு பேர் இருக்கீங்கல்ல, ஒவ்வொருத்தரா வாங்க” என்று உரக்கச் சொன்னாள். பெஞ்சில் இருந்த இரண்டே ஆண்களைப் பதினான்கு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். இருவரும் சுவரில் இருந்த குழந்தைப் படத்தைப் பார்த்தோம்.

அவள் மறுபடியும் கூப்பிட்டாள்.

“நீங்க போங்க சார்” என்றார் மெதுவாக. பிறகு, இன்னும் மெதுவாக, “கல்லு மாதிரி ஒண்ணுங்க. வலி இல்லீங்க. வலி இல்லாததை எதுக்குப் பாக்கணும்னு இருந்தேன். ஆறு மாசமா இருக்குது.”

“எனக்கு ரெண்டு மாசம்” என்றேன்.

“அப்ப நீங்க போயிட்டு வாங்க.”

உள்ளே ஜில்லென்று எதையோ தடவினார்கள். அதுவரை கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்த டாக்டர் திடீரென்று பேச்சை நிறுத்தினார். எனக்கு அதுவே ரிப்போர்ட். வெளியே வந்தபோது அவர் கதவுக்கு நேராக நின்றிருந்தார். என் முகத்தை, புங்கமரத்தடியில் இருந்து பார்த்த மாதிரியே பார்த்தார்.

“வலிச்சுதுங்களா?”

“இல்ல.”

“என்ன சொன்னாங்க?”

“சீக்கிரம் ஆபரேஷன் பண்ணணுமாம்.”

அவர் சீட்டை இன்னொரு மடிப்பு மடித்தார். “பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க சார். நீங்க பண்ணிக்கிட்டு வாங்க, அப்புறம் நான் வந்து பாத்துக்கறேன்” என்றார். நான் அவர் கையைப் பிடித்து உள்ளே தள்ளியிருக்கலாம். அப்போது என் பயமே எனக்குப் பெரிதாக இருந்தது. அதைக் காரணமாகச் சொல்லலாம். சொல்லிப் பார்த்தேன், நானே ஒப்புக்கொள்ளவில்லை.

சேலத்தில் ஆபரேஷன். பள்ளிக்கூடத்தில் குடலிறக்கம் என்று சொல்லி லீவு போட்டேன். குடலிறக்கம் மரியாதையான வியாதி. பி.டி. வாத்தியார் தனக்கு இரண்டு பக்கமும் செய்ததைப் பெருமையாகச் சொல்லி, ஆறு மாதம் குடம் தூக்கக்கூடாது என்று எச்சரித்தார். வரலாற்று ஆசிரியன் குடம் தூக்கும் சந்தர்ப்பங்கள் குறைவு என்றேன். இடுப்பு மடிப்பில் கீறி, விரையை மேலே இழுத்து எடுத்துவிட்டார்கள். டாக்டரம்மாவுக்கு முப்பது வயது இருக்கும். “இது குணமாகிற புற்றுநோய் சார், நேரத்தோட வந்தா. மிச்சம் இருக்கிற ஒண்ணு எல்லா வேலையும் பார்த்துக்கும். மீசை, குரல், குடும்ப வாழ்க்கை, எதுவும் மாறாது” என்றார். இந்த வாக்கியத்தை அவர் சொன்னபடியே, ஒரு சொல் மாறாமல் எனக்குத் தெரியும். அந்த வாக்கியம் எனக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் இங்கே முக்கியம்.

கட்டி கொஞ்சம் பரவியிருந்ததால் மூன்று தவணை கீமோ. முதல் தவணையில் முடி, இரண்டாவதில் மீசை, புருவம். வாந்திக்குக் கொடுத்த மருந்தில் முகம் உப்பிப் பளபளவென்று ஆனது. வாந்தி எடுத்து எடுத்துக் குரல் கம்மி, கீச்சென்று வந்தது. காதுக்குள் நாள் முழுக்க ஒரு சில்வண்டு. கண்ணாடியில் பார்த்தால் யாரோ ஒரு பெரியம்மா.

அந்த நிலையில் இருக்கும்போதுதான் அவர் வந்தார். ஒரு சாயங்காலம், மஞ்சள் பையில் வேர்க்கடலையோடு. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். என் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அவர் காப்பியைத் தொடவில்லை. என் மேலுதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கன்னத்தை. பிறகு லுங்கி கட்டியிருந்த இடுப்பை. பார்வையை இழுத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

“ஆபரேசன் ஆனா இப்படித்தான் ஆவுமுங்களா சார்?” கேட்கும்போது அவர் கை தன் மீசையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

காலையிலிருந்து ஆறு முறை வாந்தி எடுத்திருந்தேன். யாராவது பாவம் பார்த்தால் அழுதுவிடுவேன் என்ற நிலை. எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன்.

“ஆமாங்க. கோயில் காளையா இருந்தவன் ஏர் மாடா ஆயிட்டேன். இனிமே கோபமே வராது. மூக்கணாங்கயிறு போட்டாப் போதும், எங்க வேணாலும் வருவேன்.”

அவர் சிரிக்கவில்லை.

“அக்காவுக்குத் தெரியுங்களா?” என்றார், சமையலறைப் பக்கம் பார்த்து.

“அவங்கதானே கயிறு புடிச்சிருக்காங்க” என்றேன்.

உள்ளேயிருந்து என் மனைவி, “அந்த மனுசர்கிட்டப் போயி என்ன பேச்சு இது” என்றாள். நான் கீச்சுக் குரலில் சிரித்தேன். அந்தச் சிரிப்பும் எனக்கு எதிரான சாட்சிதான். அவர் எழுந்து, “உடம்பப் பாத்துக்கோங்க சார்” என்று சொல்லிவிட்டுப் போனார். காப்பி ஆடை படிந்து கிடந்தது. நல்ல நகைச்சுவை, கட்டுரைக்கு ஆகும் என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்தேன். தேதி போட்டு.

கீமோ முடிந்து ஐந்து மாதத்தில் மீசை திரும்பி வந்தது. முன்னைவிட அடர்த்தியாக, சுருட்டையாக. பள்ளிக்கூடம் போனேன். குடலிறக்கத்துக்கு மொட்டையடித்த உலகின் முதல் மனிதனைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் மரவள்ளி பிடுங்காமல் நின்றிருந்தது. அவருடைய மகளைக் கூப்பிட்டு, அப்பா எப்படி இருக்கிறார் என்றேன்.

“இருமிக்கிட்டே இருக்காரு சார். முதுகு வலின்னு படுத்திருக்காரு. சித்தேரி மலைல ஒருத்தர் மருந்து குடுத்தாரு, அதைத்தான் அரைச்சுப் போடறாங்க.”

மத்தியான இடைவேளையிலேயே போனேன். கயிற்றுக் கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தார். உடம்பில் பாதி காணோம். மீசை மட்டும் அப்படியே. என்னைப் பார்த்தவர் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். வெகுநேரம் பார்த்தார்.

“ஒட்டு மீசைங்களா சார்?”

“இழுத்துப் பாருங்க.”

நிஜமாகவே இழுத்தார். இரண்டு விரலால் பிடித்து, கன்றுக்குட்டிக்குப் பல் பார்க்கிற மாதிரி, நிதானமாக. வலித்தது. என் குரலையும் கேட்டுவிட்டாரல்லவா. அதுவும் பழையபடி இருந்தது.

“அன்னிக்கு இல்லீங்களே?”

“அது கீமோ மருந்துல கொட்டினது. எல்லாருக்கும் கொட்டும், திரும்ப வந்துரும். ஆபரேஷனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஒண்ணு இருந்தாலே போதும், எல்லாம் அப்படியே இருக்கும்.”

“அப்ப நீங்க சொன்னது? ஏர் மாடுன்னு?”

“வெளையாட்டுக்குச் சொன்னேன்.”

“வெளையாட்டுக்குங்களா” என்றார்.

கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவர் தன்மேலேயே குறைபட்டுக்கொள்கிற குரலில், “நான் நெசம்னு எடுத்துக்கிட்டேனுங்க. நீங்க படிச்சவரு, போயிட்டு வந்தவரு…” என்று சொல்லிவிட்டு இருமினார். இருமல் நிற்க நேரம் பிடித்தது.

மறுநாளே சேலத்துக்குக் கூட்டிப்போனேன். மஞ்சவாடிக் கணவாயில் பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது, தன் மனைவி முன்சீட்டில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, என் காதருகே சொன்னார்.

“சின்ன வயசுல எங்க அப்பன் காளைக்கன்னுக்குக் காயடிக்கறப்ப முன்னங்கால நாந்தான் புடிச்சிருந்தேன் சார். ரெண்டு கட்டைக்கு நடுவுல வெச்சு நசுக்குவாங்க. அது கத்தற கத்து இப்பவும் காதுல கேக்குது. அதுவாச்சும் பரவால்ல. மறாநாளு அது என்னைப் பாத்துச்சுங்க. அந்தக் கண்ணுல ஒண்ணுமே இல்லீங்க. அதுக்கு முன்னாடி என்னைக் கண்டா முட்ட வரும். அப்புறம் எங்க கட்டினாலும் நிக்கும். உங்களப் பாத்துட்டு வந்தப்புறம் எனக்கு அந்தக் கண்ணுதான் ஞாபகம் வந்துக்கிட்டே இருந்துச்சு.”

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். குரங்குகள் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தன.

டாக்டரம்மா படங்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். நுரையீரல், வயிற்றின் பின்பக்கம், ஈரலில் ஓரிடம். என்னிடம் சொன்ன வாக்கியத்தை அவரிடம் சொல்லவில்லை. முயற்சி செய்து பார்ப்போம், இந்த நிலையில் வந்தும் தேறினவர்கள் இருக்கிறார்கள் என்றார்.

“யாராச்சும் ஒருத்தரைப் பாக்க முடியுங்களா மேடம்?” என்று கேட்டார் அவர். “என்னாட்டம் வந்து, எந்திரிச்சுப் போனவரு. தள்ளி நின்னு பாத்தாப் போதும். பேசக்கூட வேண்டாங்க.”

டாக்டரம்மா கோப்பைப் புரட்டினார். தேறினவர்கள் ஆஸ்பத்திரியில் இருக்கமாட்டார்களே, அவரவர் ஊரில் இருப்பார்கள் என்றார். வார்டில் அவருடைய கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தவர்கள் பார்க்கும்படியாக இல்லை. அவர் அந்தப் பக்கம் திரும்பினார், இந்தப் பக்கம் திரும்பினார், பிறகு மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, கீமோ ஏற்ற வந்த நர்ஸிடம் கையை நீட்டினார். அவரைச் சுற்றி யாருமே முன்னால் போய்க் காட்டாத ஒரு காரியத்துக்கு அவர் கையை நீட்டி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

முதல் தவணையைத் தாங்கினார். மீசை கொட்டியது. “வந்துருங்களா சார்?” என்று கேட்டார். “வந்துரும்” என்றேன். அது வர ஐந்து மாதம் ஆகும் என்று சொல்லவில்லை. இரண்டாவது தவணைக்கு முன்னால் மூச்சுத் திணறல் வந்தது. மூன்று நாள் மெஷினில் வைத்திருந்தார்கள். பிறகு ஊருக்குக் கொண்டுவந்தோம்.

காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். எருதுகளை விற்றாகிவிட்டது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, தள்ளி நின்றார். பிறகு அவரே பேசினார்.

“ஆஸ்பத்திரில அந்தம்மா எல்லாத்தையும் வெளக்கமாச் சொன்னாங்க சார். மொதல்லயே வந்திருந்தா ஒண்ணை எடுத்துட்டு வுட்டிருப்பாங்களாம். இவரு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. வீங்கிக் கெடந்தது எனக்குத் தெரியாமயா இருக்கும்? வெக்கப்படறாரு, அவராச் சொல்லட்டும்னு நானும் கேக்காம இருந்துட்டேன்.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“உங்க வூட்டுக்கு வந்துட்டுப் போனாரே ஒரு நாளு, அன்னிக்கு வந்து எருதுங்ககிட்டவே உக்காந்துருந்தாரு. சோறு திங்கக் கூப்ட்டா வரல. ரெண்டு நாளு அப்படித்தான். எதுக்குன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலைங்க.”

எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். சொம்பில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“ஒண்ணு போனா என்ன, ரெண்டும் போனாத்தான் என்னங்க சார்? ஆளு இந்தக் கட்டில்ல உக்காந்திருந்தாப் போதாதா எனக்கு? என்னைக் கேட்டிருந்தா நானே கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிருப்பேன்.”

சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு, ஊருக்கு வந்த விருந்தாளியை விசாரிக்கிற மரியாதையோடு, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார்.

“உங்களுக்கு எல்லாம் சரியாப் போச்சுங்களா சார்?”

“சரியாப் போச்சும்மா” என்றேன். “நல்லா இருக்கேன்.”